119 கதிரைகளும் 6746328388800 என்ற எண்ணும்

(நுகேகொடையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குவதற்கு முன் இன்று மாலை நான்கு மணிக்கு இதே மண்டபத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் வேளைக்கே வந்துவிட்டேன். தம்பிமார் மூன்று பேர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்குவதும் குலைப்பதுமாக நின்றார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"சேர், 119 கதிரைதான் இருக்கு. வரிசை சரியா வருகுதில்ல."

"எத்தனை வரிசை போட்டுப் பார்த்தீங்கள்?"

"பத்து வரிசை போட்டம், பன்னிரண்டு போட்டம், எட்டும் போட்டுப் பார்த்தம் சேர். எப்படிப் போட்டாலும் கடைசி வரிசையில ஒண்டு குறையுது."

பக்கத்து வீட்டில் ஒரு கதிரை இரவல் வாங்கிவந்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது நீங்கள் பத்து வரிசையில், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இருக்கிறீர்கள். வேண்டுமானால் எட்டு வரிசையில் பதினைந்து பேராக மாற்றலாம். ஆறு வரிசையில் இருபது, ஐந்து வரிசையில் இருபத்து நான்கு என்றும் மாற்றலாம். ஒரு கதிரைதான் கூடியது. ஆனால் 119ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் நான்கே நான்குதான்: 1, 7, 17, 119. 120ஐ வகுக்கும் எண்கள் பதினாறு.

இன்று நான் பேச வந்த விஷயம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. அளவில் ஒட்டி நிற்கும் இரண்டு எண்கள் உள்ளமைப்பில் வேறு வேறு உலகங்கள். ஓர் எண் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எவற்றால் கட்டப்பட்டது என்பதே எனக்கு எப்போதும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் தமிழ்மொழி மூலம் கணிதம் படிப்பித்தவன் நான். முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுக என்று வரும் கேள்வியைப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு மனிதர் தம் இளமையையே செலவிட்டார் என்று வகுப்பில் சொல்ல எனக்கு நேரம் கிடைத்ததில்லை. இன்று கிடைத்திருக்கிறது.

அந்த மனிதர் சீனிவாச ராமானுஜன். 1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். ராமானுஜன் என்றதும் நம் எல்லோருக்கும் 1729தான் வாயில் வரும். லண்டன் புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி வந்த டாக்சியின் இலக்கம், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். நல்ல கதை, உண்மைக் கதை. ஆனால் நாம் அதை மந்திரம்போலச் சொல்லிச் சொல்லி, அவர் உட்கார்ந்து உழைத்த உழைப்பை மறந்துவிட்டோமோ என்று எனக்குப் பயம். அந்த உழைப்பு தெரியும் எண் வேறொன்று. அதைப் பலகையில் எழுதியிருக்கிறேன்.

6746328388800.

தமிழில் வாசித்தால் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதற்கு 10080 காரணிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. இந்த அளவில் உள்ள எண்களை எடுத்தால் ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ முப்பது காரணிகள்தான் இருக்கும். முப்பது எங்கே, பத்தாயிரத்து எண்பது எங்கே!

இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்லும் எண்ணை இந்தப் பேச்சில் காரணிமிகு எண் என்று சொல்கிறேன். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவை போகும். இந்த வரிசையைப் பார்த்தவுடன் உங்கள் வீடும் கடையும் கண்ணில் தெரிய வேண்டும். டசின் 12. நாளுக்கு மணி 24. நம் பஞ்சாங்கத்தில் நாளுக்கு நாழிகை 60, பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகள் 60. வட்டத்துக்குப் பாகை 360. பங்கு போட வேண்டிய இடத்திலெல்லாம் மனிதர்கள் கேட்காமலே இந்த எண்களிடம் போயிருக்கிறார்கள்.

போகாத இடங்களில் சிக்கல்தான். ஓர் ஏக்கர் 160 பேர்ச். நுகேகொடையில் காணி வாங்கியவர்களுக்கு ஒரு பேர்ச்சின் அருமை தெரியும். 160க்குப் பன்னிரண்டு காரணிகள் உண்டு, ஆனால் 3 அதில் இல்லை. நாலு பிள்ளைகளுக்கு, ஐந்து பிள்ளைகளுக்கு, எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஏக்கரைச் சுத்தமாகப் பிரிக்கலாம். மூன்று பிள்ளைகள் என்றால் உறுதி எழுதுகிறவர் புள்ளி போட்டு எழுத வேண்டும். நம் பழைய பின்னங்களிலும் இதே குறை இருந்தது. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. 320ஐ உடைத்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும்தான். முந்திரியை மறுபடி 320ஆகப் பிரித்துக் கீழ்முந்திரி வரை போனாலும் மூன்றில் ஒரு பங்கை அந்த அளவுகளால் சரியாகச் சொல்ல முடியாது. காணி என்ற சொல் நமக்கு நிலம் ஆகிவிட்டது. கணக்கில் அது எண்பதில் ஒன்றாக இருந்தது. இரண்டிலும் மூன்றாவது பிள்ளைக்குத்தான் வில்லங்கம்.

இனிப் பலகையில் உள்ள எண்ணை உடைப்போம். முதன்மை எண் என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். 6746328388800 என்பது 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. இவ்வளவுதான் அதன் உடம்பு. காரணிகளை எண்ணுவது இலகு. ஒரு காரணி செய்யும்போது 2ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. 5க்கு மூன்று, 7க்கு மூன்று. மிச்சம் ஐந்து எண்களுக்கும் இரண்டிரண்டு வழி, எடுப்பது அல்லது விடுவது. 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் 315. ஐந்து இரண்டுகளின் பெருக்கம் 32. 315ஐ 32ஆல் பெருக்கினால் 10080.

சுட்டிகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படி இறங்குவதுபோல வருகிறது. எங்கேயும் ஏறவில்லை, இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடவில்லை. காரணம் எளிது. 10க்கு நான்கு காரணிகள், அது 2ஐயும் 5ஐயும் பெருக்கியது. 5ஐ எடுத்துவிட்டு 3ஐப் போடுங்கள். 6 வரும், அதற்கும் நான்கு காரணிகள், ஆனால் சிறிய எண். அதனால் 10 தோற்றது. 18க்கு ஆறு காரணிகள், அதில் 3 இரண்டு தடவை, 2 ஒரு தடவை. சுட்டிகளை மாற்றிப் போட்டால் 12. அதற்கும் ஆறு. 18உம் தோற்றது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இதற்குப் பிறகு வருவதுதான் ராமானுஜன். கடைசியாக வரும் முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் 1, அதற்கு விலக்கு இரண்டே இரண்டு, 4உம் 36உம் என்று அவர் நிறுவினார். அடுத்தடுத்த இரண்டு காரணிமிகு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கிக்கொண்டே போகும் என்றும் நிறுவினார். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று பக்கம் பக்கமாகச் சமனிலிகள்.

இந்த ஆய்வு 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கைகள் இதழில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கிளார்க். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர். 1914 மார்ச் 17ஆம் திகதி நெவாசா கப்பலில் புறப்பட்டு ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1916 மார்ச்சில் இந்த ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. இந்தத் துறை கணிதத்தின் பெரிய ஓட்டத்தில் இல்லாத ஒதுக்குப்புறம் என்று ஹார்டியே நினைத்தார். ஆனால் சமனிலிகளை ராமானுஜன் கையாண்ட திறமை அசாதாரணமானது என்றும் அவரே சொன்னார். ஒதுக்குப்புறம் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை. 102 காரணிமிகு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணிகள், அதன் முதன்மைக் காரணிகள் எவை என்று. கணினி இல்லை, கல்குலேட்டர் இல்லை. ஓர் எண்ணை அட்டவணையில் சேர்ப்பதற்கு முன் அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணும் அதை வெல்லவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அந்த அட்டவணையின் கடைசி எண்தான் பலகையில் இருக்கும் 6746328388800.

இந்த எண்ணோடு கொஞ்ச நேரம் பழகிப் பாருங்கள். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். 29இல்தான் முதன்முதலாக முரண்டு பிடிக்கும். ஆனால் இதோடு ஒன்றைக் கூட்டி 6746328388801 ஆக்கினால், 2 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும். தம்பிமாரின் 119 கதிரைகளுக்கு நடந்தது இங்கே எதிர்ப்பக்கமாக நடக்கிறது. ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவர்கள் இருப்பீர்கள். 138 என்பது 2, 3, 23 ஆகியவற்றின் பெருக்கம். மூன்றும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன, ஆகவே 138ஆலும் வகுபடும். அது மட்டுமல்ல. 1729ஐ உடைத்தால் 7, 13, 19. அவையும் உள்ளே இருக்கின்றன. ஹார்டியின் டாக்சி இந்த எண்ணுக்குள் சரியாக 3901867200 தடவை ஓடும்.

இனி, நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கே காரணமான இடத்துக்கு வருகிறேன். ராமானுஜனின் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 102 அல்ல, 103 இருந்திருக்க வேண்டும். விடுபட்ட எண் இது:

293318625600.

நான் இதை முதலில் வாசித்தபோது மனது சங்கடப்பட்டது. பிறகு பென்சிலை எடுத்து உடைத்துப் பார்த்தேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19. அங்கேயே முடிகிறது. சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இப்போது மேலே உள்ள பெரிய எண்ணோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வருகிறது! அவர் தவறவிட்ட எண்ணும் அவர் பேனாவை வைத்த எண்ணும் ஒரே உடம்பு. ஒன்றுக்கு 23 உண்டு, மற்றதற்கு இல்லை. புது முதன்மை எண் ஒன்று சேரும்போது காரணிகள் இரட்டிக்கும், ஏனென்றால் பழைய காரணி ஒவ்வொன்றும் ஒரு தடவை 23 இல்லாமலும் ஒரு தடவை 23உடனும் வரும். ஆகவே விடுபட்ட எண்ணின் காரணிகள் 10080இல் பாதி, 5040.

ஏன் விடுபட்டது? அதன் அயலவர்களைப் பார்த்தேன். அதற்கு முன்னால் வருவது 240940299600, காரணிகள் 4800. பின்னால் வருவது 321253732800, காரணிகள் 5376. இரண்டிலும் 23 இருக்கிறது, இரண்டிலும் 7 ஒரே தடவைதான். நடுவில் இருக்கும் எண் மட்டும் 23ஐ விட்டுவிட்டு அதற்குப் பதிலாக 7ஐ இரண்டு தடவை எடுத்துக்கொண்டிருக்கிறது. வரிசை ஏற்கெனவே 23க்கு முன்னேறிவிட்டது, திடீரென்று ஓர் எண் 19க்குத் திரும்பிப் போய் நின்று, பிறகு மறுபடி 23. முன்னோக்கிப் பார்த்துக்கொண்டு போகிற ஒருவர் பின்னால் திரும்பி நிற்கும் இந்த ஒன்றைத் தாண்டிப் போயிருக்கக்கூடும். இது என்னுடைய ஊகம். ஆனால் அந்த மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் எவர் கண்ணும் அந்த இடத்தில் வழுக்கும். 103 எண்களில் ஒன்றுதான் வழுக்கியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோவில் சிலையைப்போல நாம் வைத்துக் கும்பிடும் மேதைக்குப் பின்னால், இரவில் விளக்கு வைத்துக்கொண்டு பெருக்கிப் பெருக்கிப் பார்க்கும் ஓர் இருபத்தேழு வயது இளைஞர் அந்த ஓர் இடைவெளியில்தான் எனக்குத் தெரிகிறார். நான் அவரை இன்னும் கூடுதலாக நேசிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

5040 என்ற எண் மறுபடி வரும் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். அதுவும் ஒரு காரணிமிகு எண், அறுபது காரணிகள். 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவது. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஒரு நகருக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார், பங்கு போட வசதி என்பதற்காகவே. ஆனால் 5040க்கு இதைவிட ஆழமான ஒரு பெருமை உண்டு. ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டி அந்த எண்ணாலேயே வகுங்கள். 5040க்குக் கூட்டுத்தொகை 19344, வகுத்தால் 3.838. இந்த ஈவுக்கு மிக மெதுவாக உயரும் ஒரு கூரையைக் கணிதர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 5040இல் அந்தக் கூரை 3.817. ஆகவே 5040 கூரையைத் தாண்டி நிற்கிறது. அடுத்த காரணிமிகு எண்களில் ஒன்றான 10080 தாண்டவில்லை. 5040க்கு மேல் எந்த எண்ணாவது தாண்டுமா? 1984இல் கீ ரோபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவியது இது: ரீமன் 1859இல் முன்வைத்த கருதுகோள் உண்மையானால் 5040க்கு மேல் ஒன்றுகூடத் தாண்டாது, பொய்யானால் முடிவில்லாமல் பல எண்கள் தாண்டும். முதன்மை எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றிய அந்தக் கருதுகோள் இன்றுவரை நிறுவப்படவில்லை. கணிதத்தின் மிகப் பெரிய விடைதெரியாத கேள்வி, காரணிகளைக் கூட்டும் பள்ளிக்கூடக் கணக்காக வந்து 5040இன் வாசலில் நிற்கிறது. இதை ஒதுக்குப்புறம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. போர்க்காலம். ராமானுஜனின் கட்டுரை முழுவதையும் அச்சிட முடியவில்லை, பிற்பகுதியை விட்டுவிட்டார்கள். காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் காரணிகளின் கூட்டுத்தொகையையும் அவர் ஆராய்ந்தது அந்தப் பகுதியில்தான். ரீமன் கருதுகோளை ஏற்றுக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் அந்தக் கூரையைத் தாண்டா என்பதைத் தரும் முடிவு அவர் கையெழுத்தில் அங்கே இருந்தது. அவர் 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் திகதி 32 வயதில் சென்னையில் இறந்துபோனார். அச்சேறாத அந்தப் பக்கங்களை ரோபினும் அவருடைய ஆசிரியர் நிக்கோலாவும் சேர்ந்து பதிப்பித்து வெளியிட்டது 1997இல். எண்பத்திரண்டு ஆண்டுகள்! காகிதச் செலவுக்காக.

இந்த வழியில் நடந்த இன்னொரு தமிழரின் பெயர் நம்மிடையே அநேகமாக யாருக்கும் தெரியாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. காரணிகளின் கூட்டுத்தொகையில் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் வெல்லும் எண்களைப் பற்றி 1940களில் எழுதினார். 1950 ஆகஸ்ட் 31ஆம் திகதி அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தந்துவிட்டு முடிக்கிறேன். ராமானுஜன் நிறுத்திய இடத்துக்கு அடுத்த காரணிமிகு எண் 8995104518400. அதற்கு 10368 காரணிகள். வாசலில் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். முதலில் அதை உடைத்துப் பாருங்கள். கடைசி முதன்மை எண் இன்னும் 23ஆகத்தான் இருக்கும். அதற்கும் அடுத்ததில் 29 வந்து சேரும். அது எந்த எண் என்று நான் சொல்லப்போவதில்லை. கண்டுபிடித்தவர்கள் விடையோடு மட்டும் வராமல் சுட்டிகளின் படிகளையும் எழுதிக் கொண்டுவாருங்கள். எந்தச் சுட்டி இறங்கி 29க்கு இடம் விட்டது என்று சேர்ந்து பார்ப்போம்.